பழைய மடக்குக் கத்தி: முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

உங்கள் கேள்வியில் வெளியே தெரிவது இரண்டு: பழைய மடக்குக் கத்திகள் எங்கே கிடைக்கும், சேர்க்கத் தொடங்குபவர் எந்த கம்பெனியைத் தேட வேண்டும். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஏலத்துக்கு வந்த ஒரு கத்தியில் 'ஷெஃபீல்டு, இங்கிலாந்து' என்று பொறித்திருக்கிறது, விற்பவர் அதை விக்டோரியா ராணி காலத்தது என்கிறார், நம்பி வாங்கலாமா என்று. உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். கண்ணெதிரே இருப்பது நிஜமாகவே பழசா, எவ்வளவு பழசு, இடையில் யாராவது கைவைத்திருக்கிறார்களா, இதையெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது? இது பிடிபட்டுவிட்டால் எங்கே வாங்குவது என்பது பெரிய சிக்கலே இல்லை.

நான் பல வருடமாக இந்த வகைக் கத்திகளைப் பழுதுபார்க்கிறேன், கொஞ்சம் சேர்க்கவும் செய்கிறேன். பழுதுபார்ப்பவனுக்கு ஒரு வசதி உண்டு: ஆணியைத் தட்டிக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அதனாலோ என்னவோ, பலரும் முதலில் தேடும் முத்திரையை, அதாவது அலகில் பொறித்திருக்கும் கம்பெனி, ஊர்ப் பெயர்களை, நான் கடைசியில்தான் பார்க்கிறேன். முத்திரை பெரும்பாலும் ஒரு பக்கத்து எல்லையை மட்டுமே சொல்லும்: இந்த வருடத்துக்கு முன்னால் இது செய்யப்பட்டிருக்க முடியாது, அவ்வளவுதான். அதற்கு எவ்வளவு காலம் பின்னால் என்பதை அலகு (வெட்டும் தகடு), அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங், பிடி, ஆணி எல்லாம் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். அவை எல்லாம் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். ஒன்று மட்டும் வேறு வயது சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டும்.

உங்கள் ஷெஃபீல்டு கத்தியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1890இல் மெக்கின்லி தீர்வைச் சட்டம் வந்தது. இறக்குமதியாகும் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி அதனால் 1891 முதல் நடைமுறைக்கு வந்தது. 'ஷெஃபீல்டு' என்று ஊர்ப் பெயரை மட்டும் பொறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடவே 'இங்கிலாந்து' என்றும் பொறிக்கத் தொடங்கியது பெரும்பாலும் அதன் பிறகுதான். விக்டோரியா 1901இல் இறந்தார். ஆக, விற்பவர் சொல்வது சரியாக இருக்க வேண்டுமென்றால் கத்தி அந்தப் பத்து வருட இடைவெளிக்குள் விழ வேண்டும். நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அதே இரண்டு சொற்களைப் பொறித்த கத்திகள் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு வந்துகொண்டே இருந்தன. எதிர்ப்பக்கமும் உண்டு: நாட்டின் பெயர் இல்லாத எல்லாக் கத்தியும் 1891க்கு முந்தையது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அந்த விதி அமெரிக்காவுக்குப் போன சரக்குக்கு. உள்ளூரில் விற்றதற்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அரச முத்திரைகளும் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் போன்ற பெரிய பெயர்கள் கிரீடத்தின் இரு பக்கமும் அரசரின் எழுத்துகளைப் போட்டன. விக்டோரியாவின் 'வி ஆர்' இருந்தால் 1837க்கு முன்னால் போகாது, அது உறுதி. 'ஜி ஆர்' என்று கண்டவுடன் ஐந்தாம் ஜார்ஜ், 1910க்குப் பின் என்று முடிவு கட்டினால், 1820 முதல் 1830 வரை ஆண்ட நான்காம் ஜார்ஜுக்கும் அதே எழுத்துகள்தான் என்பதை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். 'ஆரம்பித்த ஆண்டு' என்று கம்பெனி பெருமையாகப் பொறித்துக்கொள்ளும் எண்ணை, கத்தி செய்த ஆண்டாகச் சொல்லி விற்பது இன்னொரு வகை. அதைத் தினமும் பார்க்கலாம்.

முத்திரை கிட்டத்தட்ட வருடத்தையே சொல்லிவிடும் இடங்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் கேஸ் கம்பெனி அதில் தாராளம். அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் தட்டையாக ஒரு பகுதி இருக்கும், டேங் என்பார்கள். முத்திரை அங்கேதான் இருக்கும். 1940 முதல் 1964 வரை 'கேஸ் எக்ஸ் எக்ஸ்', 1965 முதல் 1969 வரை அதோடு 'யு எஸ் ஏ'. 1970இல் அதற்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டே வந்தார்கள், 1979இல் மிஞ்சியது ஒன்று. அப்படியென்றால் இந்த வரிசையில் ஏழு புள்ளி 1973. லென்ஸ் வைத்து எண்ணுங்கள், அலகை யாராவது மெருகேற்றியிருந்தால் ஓரத்துப் புள்ளி ஒன்று மழுங்கிப் போயிருக்கும், கணக்கு ஒரு வருடம் பிசகும். அதே டேங்கில் இருக்கும் மாடல் எண்ணும் பேசும்: 6254 என்றால் முதல் 6 பொளிந்த எலும்புப் பிடி, 2 என்பது அலகுகளின் எண்ணிக்கை, 54 அந்த வடிவத்தின் எண். 5254 என்று இருந்தால் பிடி மான் கொம்பாக இருக்க வேண்டும். எண் 5 என்கிறது, பிடி எலும்பு என்றால் எங்கோ மாற்று வேலை நடந்திருக்கிறது.

ஜெர்மன் கத்திகளுக்கு வரலாறே உதவுகிறது. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில். கத்திக்குப் பெயர்போன ஜோலிங்கன் ஊரின் பெயரைப் பொறிக்கும் உரிமைக்கு 1938இல் சட்டப் பாதுகாப்பு வந்தது, அதற்கு முன்பும் அந்தப் பெயர் உண்டு, ஆனால் காவல் இல்லை. பிரான்ஸின் லாகியோலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஈ உருவம் வைத்த அந்த வளைந்த கத்தியை எல்லோரும் ஒரு பிராண்ட் என்று நினைக்கிறார்கள். அது ஒரு ஊரின் பெயரும் ஒரு வடிவத்தின் பெயரும்தான். நெடுங்காலம் யார் வேண்டுமானாலும், எந்த நாட்டிலும், அந்தப் பெயரைப் போட்டுச் செய்து விற்றிருக்கிறார்கள். லாகியோல் என்ற பெயரை மட்டும் வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. ஓப்பினெல் வேறு கதை, அது 1890இல் பிரான்ஸின் சவோய் பகுதியில் ஜோசப் ஓப்பினெல் தொடங்கிய பிராண்ட். அலகைப் பூட்டும் சுழல் வளையம் 1955இல்தான் வந்தது. எனவே வளையம் இல்லாதது 1955க்கு முந்தையது என்று விற்கிறார்கள். பெரிய அளவுகளுக்கு அது நல்ல அடையாளம். ஆனால் சின்ன அளவுகளுக்கு இன்றைக்கும் வளையம் கிடையாது. உள்ளங்கையில் ஒளிந்துகொள்ளும் சின்ன ஓப்பினெலை யாராவது 'வளையத்துக்கு முந்தைய அபூர்வம்' என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பெயர் பழசு, கத்தி புதுசு என்பதுதான் புதியவர்கள் அதிகம் விழும் குழி. அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி ரெமிங்டன் 1920 வாக்கில் பாக்கெட் கத்தி செய்யத் தொடங்கி 1940இல் அந்தப் பிரிவை விற்றுவிட்டது. பிடியில் தோட்டா உருவம் பதித்த அதன் புகழ்பெற்ற 'புல்லட்' கத்திகள் 1982 முதல் மறுபதிப்பாக வந்தன. அமெரிக்கக் கத்திக் கம்பெனிகளில் இம்பீரியல் ஷ்ரேட் 2004இல் மூடியது, கமில்லஸ் 2007இல். இரண்டு பெயர்களையும் வேறு ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள், இன்றும் அந்தப் பெயரில் புதுக் கத்திகள் வருகின்றன. இதில் மோசடி எதுவும் இல்லை, மறுபதிப்பை மறுபதிப்பு என்று சொல்லி விற்றால். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு விற்கும்போதுதான் தொல்லை.

சரி, இப்போது முத்திரையை மறந்துவிட்டுக் கத்தியைக் கையில் எடுங்கள். மடக்கிய நிலையில் அலகின் முதுகு மேலே தெரியும்படி பிடித்து அதன் நுனியைப் பாருங்கள். நுனி, பிடியின் இரு பக்கத் தகடுகளுக்குள் முழுக்க அமிழ்ந்திருக்க வேண்டும், விரலால் தடவினால் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் காரணம் பெரும்பாலும் சாணை. வருடக்கணக்காகச் சாணை பிடித்தால் அலகு குறுகும், நுனி மெல்ல முதுகுப் பக்கம் ஏறி வெளியே எட்டிப் பார்க்கும். அப்போது சிலர் ஒரு தந்திரம் செய்வார்கள். டேங்கின் அடியில், அலகு மடங்கும்போது ஸ்பிரிங்கில் மோதி நிற்பதற்காக ஒரு சின்னப் புடைப்பு உண்டு. அதை அரத்தால் கொஞ்சம் ராவிவிட்டால் அலகு இன்னும் ஆழமாக உட்காரும், நுனி மறைந்துவிடும். ஆனால் விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்: விரல் நகம் வைத்துத் திறக்கும் பள்ளம் பாதி உள்ளே போயிருக்கும், மடக்கும்போது கூர் ஸ்பிரிங்கில் இடித்து, ஒரே இடத்தில் சின்னதாக மழுங்கியிருக்கும். அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் புடைப்பைப் போய்ப் பாருங்கள், அரத்தின் கோடு புதுசாக மின்னும்.

பிறகு திறந்து மூடுங்கள், மெதுவாக. சேகரிப்பவர்கள் 'வாக் அண்ட் டாக்' என்று சொல்வது இதைத்தான்: திறக்கும்போது ஸ்பிரிங் தரும் எதிர்ப்பு, கடைசியில் சொடக்கு மாதிரி வரும் அந்தச் சத்தம். நல்ல வேலைப்பாடுள்ள கத்தியில் அலகு முழுக்கத் திறந்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் ஸ்பிரிங்கின் முதுகு, பக்கத் தகடுகளோடு சமமாக இருக்கும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் படி தட்டாது. திறந்தால் சமம், மூடினால் மேடு என்றால் தேய்மானம் அல்லது மாற்றிய அலகு என்று சந்தேகிக்கலாம். ஆனால் மலிவுக் கத்திகள் புதிதிலேயே அப்படித்தான் இருந்தன என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஓரளவு நிச்சயமாகச் சொல்லக்கூடியது பூணில் இருக்கிறது. பிடியின் முனையில் இருக்கும் அந்த உலோகப் பூணுக்குள்தான் அலகு சுழலும் ஆணி ஓடுகிறது. தொழிற்சாலையில் பூணையும் ஆணியையும் ஒரே உலோகத்தில் செய்து, அடித்துப் பரப்பி, சமமாகத் தேய்த்துவிடுவார்கள். தரமான கத்தியில் ஆணித்தலை எங்கே என்றே தெரியாது. அந்த இடத்தில் மெல்லிய வட்டம் ஒன்று தெரிந்தால், நீண்டகால உபயோகத்தில் ஆணி தளர்ந்திருக்கும், அல்லது யாரோ கழற்றி மறுபடி அடித்திருப்பார்கள். இரண்டு பக்க வட்டமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் முதலாவது என்று நினைக்கலாம். ஒன்றில் மட்டும் சுற்றிலும் சுத்தியல் தடமோ புதுப் பளபளப்போ இருந்தால் இரண்டாவது.

அலகின் நிறத்தையும் பாருங்கள். பழைய கார்பன் எஃகு காலப்போக்கில் சாம்பல், நீலம், கருமை கலந்து திட்டுத்திட்டாக நிறம் மாறும். அது குறை இல்லை, அது போய்விட்டால்தான் குறை. புதுக் கத்தியை வினிகரிலோ அமிலத்திலோ தோய்த்துப் பழசாக்கியிருந்தால் நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். டேங்கின் பக்கங்களில், பித்தளைத் தகட்டில் உரசிக்கொண்டே இருக்கும் இடத்திலும் அதே கறுப்பு இருந்தால் நம்பாதீர்கள், உண்மையில் உபயோகித்த கத்தியில் அந்த இடம் தேய்ந்து பளபளவென்று இருக்கும். 'ஸ்டெயின்லெஸ்' அல்லது 'இனாக்ஸ்' என்று பொறித்திருந்தால், துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரேர்லி ஷெஃபீல்டில் கண்டது 1913இல் என்பதை நினைவில் வையுங்கள். 1880களின் கத்தி என்று சொல்லி அதை விற்க முடியாது. சுவிஸ் நாட்டின் விக்டோரினாக்ஸ் தன் பெயரிலேயே அந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டது 1921இல்.

பிடிக்கு வருவோம். எலும்பை லென்ஸில் பார்த்தால் நுண்ணிய கருங்கோடுகளும் புள்ளிகளும் தெரியும், ரத்தக்குழாய் ஓடிய துவாரங்கள் அவை. எலும்பைப் போலவே வார்த்த பிளாஸ்டிக்கில் அது இருக்காது, பள்ளங்களின் அடிப்பாகமும் வழவழப்பாக மின்னும். டெல்ரின் என்ற அந்த பிளாஸ்டிக் சந்தைக்கு வந்தது 1960இல், ஆக அதுவும் ஒரு தேதி முத்திரைதான். முத்துச்சிப்பி தொட்டால் சில்லென்று இருக்கும், சாய்த்தால் உள்ளே ஒளி அலைஅலையாக ஓடும். எலும்பா பிளாஸ்டிக்கா என்று தெரிந்துகொள்ளச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பிடி கெட்டுப்போகும், அது செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் தீப்பற்றும். ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருப்பது பழைய எலும்பில் சகஜம், விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். விரிசலே இல்லாத எலும்பும் கன்னங்கரேல் அலகும் சேர்ந்து வந்தால் நான் இன்னொரு முறை பார்ப்பேன்.

இவ்வளவும் நேரில் பார்த்தால். படத்தை மட்டும் வைத்துச் சொல்வதற்கு எல்லை உண்டு. ஆட்டம் இருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்ததா என்பது எந்தப் படத்திலும் தெரியாது. ஆனாலும் விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள் இவை: திறந்த நிலையில் டேங்கின் இரண்டு பக்கமும், மடக்கிய நிலையில் மேலிருந்து ஒன்று, ஸ்பிரிங்கின் முதுகு பக்கவாட்டில் ஒன்று, பூண்கள் கிட்டத்தில். கேட்டு அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள். உங்கள் ஷெஃபீல்டு கத்திக்கு நீங்கள் அனுப்பிய ஒரே படத்தில் அலகின் வடிவம் தெரிகிறது, கூர்ப்பக்க வயிறு சாணையில் கரைந்து டேங்கின் அருகே மட்டும் அகலம் மிஞ்சியிருக்கிறது. விக்டோரியா காலத்ததோ இல்லையோ, கேட்கும் விலை முழு அலகுக்கான விலை. அது அதிகம்.

எங்கே கிடைக்கும் என்றால், கத்தி என்று கவனிக்காமல் விற்கும் இடத்தில். கத்தி வியாபாரிக்கு அதன் மதிப்பு தெரியும், விலையும் அப்படியே இருக்கும். ஒரு வீட்டைக் காலி செய்யும்போது மொத்தமாக விற்கும் பழைய கருவிப் பெட்டி, மீன்பிடி சாமான் பெட்டி, தையல் பெட்டி, பேனாவும் பொத்தானும் கிடக்கும் மேசை இழுப்பறை, இவற்றின் அடியில்தான் நல்லவை கிடக்கும். இணைய ஏலத்தில் கம்பெனி பெயரைத் தப்பாக எழுதித் தேடிப் பாருங்கள், எழுத்துப்பிழையோடு விற்பவரிடம் போட்டி குறைவு. கலப்புக் குவியலாக விற்பவற்றின் படத்தைப் பெரிதாக்கி மூலைகளில் பாருங்கள். கண்ணைப் பழக்க அருங்காட்சியகம் போல வேறில்லை. ஷெஃபீல்டின் கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹாலி தொகுப்பு, ஜோலிங்கனின் அலகு அருங்காட்சியகம், பிரான்ஸில் தியெர் ஊரின் கத்தி அருங்காட்சியகம் மூன்றுமே இதற்கென்றே இருப்பவை. நேரில் போக முடியாவிட்டாலும் சந்தேகமில்லாத அசல்களின் படங்களை நிறையப் பார்த்தால் போலி தானாகவே உறுத்தும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால் ராணுவக் கத்தி என்பேன். அழகு குறைவுதான், ஆனால் பலவற்றில் வருடமே பொறித்திருக்கும்: பிரிட்டிஷ் ராணுவத்தின் அகன்ற அம்புக்குறி போட்ட கனமான கத்திகள், அமெரிக்க ராணுவத்துக்குக் கமில்லஸ் செய்த முழு உலோகக் கத்தி, சுவிஸ் ராணுவத்தின் 1961 மாடல் அலுமினியப் பிடிக் கத்தி. வருடம் உறுதியாகத் தெரிந்த கத்தியைப் பத்து முறை திறந்து மூடிப் பார்த்தால், இத்தனை வருடத் தேய்மானம் எப்படி இருக்கும் என்பது விரலுக்கே தெரிந்துவிடும். அப்புறம் ஒரு கம்பெனியோ ஒரு வடிவமோ பிடித்துப்போகும், அதோடு நில்லுங்கள். எல்லாவற்றையும் வாங்குபவரிடம் கடைசியில் மிஞ்சுவது சுமாரானவைதான்.

வாங்கிய கத்தியைப் பளபளப்பாக்கும் ஆசை வரும். மோட்டார் சக்கரத்தில் மெருகேற்றிய கத்தி சேகரிப்பாளர் கண்ணில் பாதி மதிப்பை இழக்கும், முத்திரையின் ஓரங்கள் மழுங்குவதும் நகப்பள்ளத்தின் விளிம்பு உருண்டுவிடுவதும் அதைக் காட்டிக்கொடுக்கும். மூட்டில் ஒரு சொட்டு கனிம எண்ணெய் விட்டு, பலமுறை திறந்து மூடி, வெளியே வரும் அழுக்கைத் துணியால் துடைத்து, உள்ளே இருப்பதைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகிவிடும். சிவப்புத் துருவை மட்டும் எண்ணெயில் நனைத்த மெல்லிய வெண்கல நாரால் தேய்க்கலாம், கருமையைத் தொடாதீர்கள். தந்தப் பிடி, ஆமை ஓட்டுப் பிடி உள்ளதை வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் முன்னால் இரு நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள், வனவிலங்கு வணிகத்துக்கான சைட்ஸ் ஒப்பந்தம் அதைக் கட்டுப்படுத்துகிறது. பூட்டு உள்ளதும் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறப்பதும் சில நாடுகளில் வைத்திருக்கவே தடை. அது உங்கள் ஊர் வக்கீல் சொல்ல வேண்டியது, நான் இல்லை.

தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் எஃகைத் தின்னும். செல்லுலாய்டுப் பிடிகளை மட்டும் தனியாக, காற்றுப் புழங்கும் இடத்தில் வையுங்கள். பழைய செல்லுலாய்டு சிதையும்போது அமில ஆவியை விடும், அது தன் அலகை மட்டுமல்ல, பக்கத்தில் கிடக்கும் கத்தியையும் துருவேற்றும். உபயோகிக்காத கத்தியின் அலகில், பிடியை ஒட்டிய பக்கம் மட்டும் துரு அடர்ந்து, பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்து, முகர்ந்தால் மூக்கைச் சுருக்கும் வாடை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது. அதை அன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள்.